வெள்ளைக் கொடியும் ரிமோட் காரும்

ஷார்ஜாவிலிருந்து வந்த என் மச்சான் பெட்டியைத் திறந்து அந்தக் காரை வெளியே எடுத்தபோது, பேசாமல் வழக்கம்போல ஒரு சென்ட் பாட்டில் வாங்கி வந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றவில்லை. அப்போதே தோன்றியிருந்தால் என் நிம்மதி பிழைத்திருக்கும்.

வலங்கைமானில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கார் ஒரு முழ நீளம், தடித்த டயர், கையில் துப்பாக்கி மாதிரி ஒரு ரிமோட். பார்த்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. "புள்ளைங்களுக்கு வாங்கிட்டு வந்தேன்" என்றார் மச்சான். பிள்ளைகள் அதைத் தொட நான் விடவே இல்லை.

சார்ஜ் ஏற அரை நாள் ஆகும். ஓடுவது கால் மணி நேரம். அந்த அரை நாளுக்குள் கரண்ட் ஒரு தடவையாவது போய்விடும். அதையும் பொறுத்துக்கொண்டு ஓட்டினால், கார் என்னை விட்டுப் போகும்போது வலது பக்கம் வலது பக்கமாகவே இருக்கிறது. திரும்பி என்னைப் பார்த்து வரும்போது வலது இடதாகிவிடுகிறது. நான் ஒரு பக்கம் திருப்ப அது இன்னொரு பக்கம் போய்ச் சாக்கடையில் விழும். மனைவி வாசலில் நின்று, "என்னங்க, அதுவா ஓடுதா, நீங்க ஓட்டுறீங்களா?" என்று கேட்பாள்.

"தட்டையான, காய்ந்த, ஆள் இல்லாத இடத்தில் பழகுங்கள்" என்றார் யூடியூபில் ஒருத்தர். அவர் எந்த ஊரோ, நல்லா இருக்கட்டும். எங்கள் பக்கம் தட்டைக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் தட்டையாக இருந்தால் அது வயல், தண்ணீர் நிற்கும். தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்தால் அங்கே நெல்லைக் கொட்டிப் பரப்பியிருப்பார்கள். அறுவடைக் காலத்தில் தார் ரோட்டிலேயே பாதி நெல்லுக்குத்தான் சொந்தம். ஒருநாள் கார் நேராக ஒருத்தருடைய நெல்லுக்குள் புகுந்து, சக்கரம் சுழன்று, நாலு பக்கமும் வாரி இறைத்தது. "பாய், கடையில வியாபாரம் ஒன்னும் இல்லியா?" என்று கேட்டார் அவர். குனிந்து நெல்லைக் கூட்டி அள்ளிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைசியில் என் சொந்த மனைக்கட்டு ஞாபகத்துக்கு வந்தது. ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில், வீடு கட்டலாம் என்று வாங்கி, கிராவல் அடித்து ரோலர் விட்டுச் சமப்படுத்திய இடம். வீடுதான் கட்டவில்லை, காராவது ஓட்டுவோம் என்று போனேன். பாதை தெரிய வேண்டுமே, குச்சி நட்டுக் கொடி கட்டலாம் என்றால் அதில் வந்தது பாருங்கள் ஒரு சிக்கல். கறுப்பு சிவப்பு என்றால் ஒரு கட்சி. நடுவில் வெள்ளை வைத்தால் அடுத்த கட்சி. வெறும் சிவப்பு என்றால் தோழர்கள் வந்து, சங்கத்தில் எப்போது சேர்ந்தீர்கள் என்பார்கள். பச்சை என்றால், நான் பாய், கேட்கவே வேண்டாம். காவியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. பொம்மை காருக்குக் கொடி கட்ட ஒரு நிறம் மிச்சமில்லாத ஊரில் பிறந்திருக்கிறேன். எரிச்சலில், கடையில் பாத்திரம் துடைக்கிற வெள்ளைத் துணியைக் கிழித்துக் கட்டினேன். வெள்ளையை யார் என்ன சொல்லிவிட முடியும்?

இரண்டு சுற்றுகூட ஓட்டியிருக்க மாட்டேன். வரப்பில் ஒரு கூட்டம் ஓடி வந்தது. முன்னால் வந்தவர் பக்கத்து வயல்கார அக்கா. புருஷனை இழந்தவர். அந்த மூணு மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம்தான் அவருக்குச் சோறு. வந்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காருக்கு எதிரே சட்டென்று மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கார் அவரைப் பார்த்துப் போகிறது. எனக்கு வலது எது இடது எது என்று குழம்பி, திருப்பத் தெரியாமல் திருப்பி, அவர் கணுக்காலிலேயே இடித்தேன்.

"இதுக்கு மேல ஒரு அடி வெக்கக் கூடாது" என்றார். கால் வலியைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அக்கா, இது பொம்மை காரு."

"கேமரா எங்க இருக்கு?" என்று ஒருத்தர் காரைத் தூக்கிப் புரட்டினார். "ரிமோட்டுலயே அளக்குறாங்களா இப்ப?" என்றார் இன்னொருத்தர். மேல்மூடியைக் கழற்றி, மோட்டாரையும் பேட்டரியையும் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். என் தலையெழுத்து.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வயல் வழியாகக் கேஸ் குழாய் பதிக்கப் போகிறார்கள் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. எந்தக் கட்சி ஆண்டாலும் மேடையில் விடவே மாட்டோம் என்பார்கள். மேடையைப் பிரித்த பிறகு நிலத்தை அளந்து கல் நடுகிறவர்கள் வருவார்கள். அவர்கள் முதலில் நடுவது வெள்ளைக் கொடியாம். எல்லா நிறத்துக்கும் பயந்து நான் கண்டுபிடித்தது அந்த நிறத்தைத்தான்.

"நான் போயி அப்படிச் செய்வேனா அக்கா? சும்மா வெளயாட்டு" என்றேன்.

"போன வருசம் வந்தவுங்களும் சும்மா பாத்துட்டுப் போறோம்னுதான் பாய் சொன்னாங்க" என்றார் அவர், எழுந்து சேலையில் மண்ணைத் தட்டிக்கொண்டே. "மேலண்டக் கொல்லையில இன்னிக்கிக் கல்லு நிக்கிது."

எனக்கு வெட்கமும் கோபமுமாக வந்தது. யார் மேல் கோபம் என்று சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஊருக்கு நான் வேடிக்கையாகிப் போனேன். வெள்ளைக் கொடி தெரிந்தால் பாய் கார் விடுகிறார் என்று அர்த்தம். அக்காவும் நாற்றுப் பறித்துக்கொண்டே, "பாய், வண்டி வாய்க்காலுக்குப் போவுது" என்று குரல் கொடுப்பார். போகும்தான். நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவேன். இத்தனை நாளில் ஒரு முழுச் சுற்று ஒழுங்காகச் சுற்றியதில்லை. பல் சக்கரம் தேய்ந்து, ஒரு டயர் கழன்று, பேட்டரி உப்பி, புதுசு வர மச்சானின் அடுத்த லீவுக்காகக் காத்திருந்தேன்.

அப்படிக் காத்திருந்த ஒரு காலையில் கடைக்குப் போகிற வழியில் டீக்கடைக்காரர் சிரித்தார். "என்ன பாய், விடிஞ்சதும் விடியாததுமா ரேஸா?"

"காரு மூலையில கெடக்கு. எதுல ரேஸ் விட?"

"அப்ப அங்க கொடி நிக்கிதே?"

ஸ்கூட்டரைத் திருப்பினேன். என் மனையைத் தாண்டி, அக்காவின் வயலுக்குள், வெள்ளைக் கொடிகள் நேர்க்கோடாகப் போயின. என் கொடிகள் வளைந்து வளைந்து போகும், துணியில் கரி இருக்கும். இவை புத்தம் புதுத் துணி. அளக்கிற கருவியை முக்காலியில் வைத்து இரண்டு பேர் நின்றார்கள். ரோட்டில் போனவர்கள் எல்லாம் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

அக்காவுக்குப் போன் அடித்தேன்.

"கொடிய பாத்தீங்களா?"

"தூரத்துலேருந்து பாத்தேன் பாய். நீங்கதானேன்னு நடவுக்கு வந்துட்டேன்."

"நான் இல்லக்கா."

அந்தப் பக்கம் மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. "நிறுத்தி வைங்க பாய். ஓடியாறேன்."

எதை வைத்து நிறுத்துவது? பாத்திரக்கடைக்காரன் நான். ஒரு பொம்மை காரைத் திருப்பத் தெரியாதவன். சட்டம் தெரியாது, சத்தம் போட்டுப் பழக்கமில்லை. வரப்பில் இறங்கி நடந்தேன். அவர்கள் அடுத்த கொடியை நடக் குழி தோண்டிய இடத்தில், வெள்ளை வேட்டியோடு, அப்படியே சேற்றில் உட்கார்ந்தேன்.

முக்காலிக்காரர் மரியாதையாகவே பேசினார். "எந்திரிங்க பாய். ஒன்னுமில்ல, சும்மா பாத்துட்டுப் போறோம்."

நான் எழுந்திருக்கவில்லை.