இருபத்தாறு கிலோ மூட்டை

வெதுருகுப்பத்திலிருந்து திருப்பதிக்கு வந்து, ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். வாடகை அறையில் நான் ஒருத்திதான். ஐந்து கிலோ அரிசிப் பை போதும். தெருமுனைக் கடைக்காரர் மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக விற்பதை நிறுத்திவிட்டிருந்தார். மில்லில் கட்டி வரும் பைகள்தான் கிடைக்கும்.

ஒருநாள் பையின் விலை ஏறியிருந்தது. கேட்டதற்கு ஜிஎஸ்டி என்றார். அந்நேரம் என் வீட்டுக்காரம்மாவுக்குப் பெரிய மூட்டை ஒன்றை பைக்கில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் வரி உண்டா என்றேன். இல்லையாம். இருபத்தைந்து கிலோ வரைக்கும்தான் வரியாம். அதனால் மில்காரர்கள் இருபத்தாறு கிலோவாகக் கட்டுகிறார்களாம். ஏதோ நல்ல சேதி போலச் சொன்னார்.

"அப்ப மொத்தமா வாங்கறவங்களுக்கு வரி கெடையாது. கொஞ்சமா வாங்கித் துன்றவதான் கட்டணுமா?"

"சட்டம் நானாம்மா போட்டேன்?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் துணி அலசும்போது, கூட வேலை செய்த இரண்டு பெண்களிடம் கொட்டித் தீர்த்தேன். சம்பளம் வந்ததும் மூவரும் சேர்ந்து ஒரு மூட்டை வாங்கினோம். சாப்பாட்டு வேளையில் லாட்ஜ் மொட்டைமாடியில் கிழிந்த விரிப்பொன்றைப் போட்டு, அரிசியைக் கொட்டிப் பங்கு பிரித்தோம்.

சூப்பர்வைசர் வந்துவிட்டார். கீழே சமையலறையிலிருந்து தூக்கி வந்தீர்களா என்று தெலுங்கில் கேட்டார். கடையில் வாங்கியது என்றோம். நம்பவில்லை. சமையல்காரரைக் கூப்பிட்டு அங்கிருந்த மூட்டைகளை எண்ணச் சொன்னார். அதுவரை எங்களை வெயிலில் நிற்க வைத்தார். எங்களில் சின்னவள் அழத் தொடங்கினாள். அதைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"நாங்க திருடிக்கினு வரல சார். வரிக்குப் பயந்துகினு சேந்து வாங்கனோம். உங்க வூட்டுக்குப் பெரிய மூட்டதான வருது? அதுக்கு யாராவது உங்கள நிக்க வெச்சாங்களா?"

சமையலறையில் எதுவும் குறையவில்லை என்று தகவல் வந்தது. மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. இனி இங்கே இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு வாங்கிய மூட்டைகளை என் அறையில் வைத்துப் பிரித்தோம். சின்னவள் கல்யாணமாகித் தடாவுக்குப் போனாள். இன்னொருத்தி வேலையை விட்டுவிட்டாள். தனியாக நான் அவ்வளவு அரிசி வாங்கினால் வண்டு விழுகிறது. திரும்பவும் சின்னப் பைதான் வாங்குகிறேன். காசு கொடுக்கும் ஒவ்வொரு முறையும், கோபம் குறையாமல்தான் கொடுக்கிறேன்.