உப்புத் தொட்ட ஆரஞ்சு

நேற்று லோக்கல் ரயிலில் விக்ரோலி தாண்டும்போது எதிர் சீட்டுப் பையன் ஒரு ஆரஞ்சை உரித்தான். அவ்வளவுதான், மாதுங்கா மைதானத்து மண்ணே என் மூக்கில் ஏறிவிட்டது. இறங்க வேண்டிய ஸ்டேஷனையும் கோட்டை விட்டேன். வயசானால் மூக்குக்கு இருக்கிற ஞாபகம் தலைக்கு இருப்பதில்லை, போங்கள்.

அறுபதுகளில் நான் தாராவியில் தோல்பை தைக்கிற பட்டறையில் இருந்தேன். சாயங்காலமானால் ஃபுட்பால். எங்கள் டீமுக்கு மேனேஜர், கோச், பந்துக்குக் காற்றடிக்கிறவர் எல்லாமே சுடலைமுத்து மாஸ்டர்தான். திருநெல்வேலிக்காரர். பகலில் மாதுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். அந்தப் பையன்களுக்கும் அவரே கோச். இடைவேளையில் மஞ்சப்பையிலிருந்து ஆரஞ்சு எடுத்து, பாதியாக அறுத்து, உப்பில் தொட்டுக் கையில் திணிப்பார்.

"உப்போட தின்னுங்கலே, கால் பிடிக்காது."

நான் ஆடின ஆட்டத்துக்குக் கால் பிடிக்க வழியே இல்லை. ஆனாலும் முதல் ஆளாகக் கை நீட்டுவேன்.

விதியைப் பாருங்கள், ஒரு வருஷம் டோர்னமெண்ட் ஃபைனலில் எங்களுக்கு எதிரே அவருடைய பள்ளிக்கூடமே வந்து நின்றது. முந்தின நாள் எங்களைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நான் அந்தப் பக்கம்லே. உங்க பக்கம் வந்தா திங்கக்கிழமை வேலைக்கு வரவேண்டாம்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு."

"போங்க மாஸ்டர், சோறு முக்கியம்லா?" என்றான் எங்கள் கேப்டன் பொன்னுச்சாமி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆட்டம் ஒரே கூத்து. இடது பக்கம் போக்குக் காட்டி வலது பக்கம் தட்டுவது மாஸ்டர் சொல்லிக்கொடுத்த வித்தை. இரண்டு டீமுக்கும் அதே வித்தைதான் தெரியும், யார் ஏமாறுவது? கோல் இல்லாமலே இடைவேளை வந்தது. எதிர்ப் பக்கத்தில் மஞ்சப்பை திறந்தது. அந்த வாசனையை முகர்ந்துகொண்டு நாங்கள் பானைத் தண்ணீரைக் குடித்தோம்.

"ஏலே, மாஸ்டர் வாராரு!" என்றான் பொன்னுச்சாமி.

பையும் கையுமாக மைதானத்தின் குறுக்கே வந்துகொண்டிருந்தார். பந்தலில் ஹெட்மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். "மாஸ்டர்! அந்தப் பக்கம் போகப்படாது!" மனுஷர் திரும்பியே பார்க்கவில்லை.

"சீக்கிரம் தின்னுங்கலே, விசில் ஊதிருவான்" என்று அறுத்து அறுத்துக் கொடுத்தார். பொன்னுச்சாமி அழுதுகொண்டே தின்றான். நானும்தான்.

அத்தனை ஆரஞ்சையும் தின்றுவிட்டு ஒரு கோலில் தோற்றோம்!

திங்கட்கிழமை அவருக்கு வேலை இல்லை. விக்ரோலியில் ஒரு ஃபாக்டரியில் சேர்ந்தார். ஷிப்ட் வேலை, வீடும் அங்கேயே. சாயங்காலம் மைதானத்துக்கு வர முடியாமல் போயிற்று. எங்களைத் தேடி வந்ததால்தான் எங்களுக்கு இல்லாமல் போனார். அடுத்த மழைக்கு முன்பே டீம் கலைந்துவிட்டது.

அந்த ஃபாக்டரி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள். மாஸ்டரும் போய்விட்டார், பொன்னுச்சாமியும் போய்விட்டான். எதிர் சீட்டுப் பையன் நம்மூர்ப் பிள்ளைதான். நான் பார்ப்பதைப் பார்த்து இரண்டு சுளையை நீட்டினான்.

"கொஞ்சம் உப்பு இருக்கா தம்பி?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"சந்த்ராவுக்கு உப்பா, அங்கிள்?" என்று சிரித்தான். ஆரஞ்சுக்கு இந்தியில் அப்படித்தான் பெயர்.

அப்படியே வாயில் போட்டுக்கொண்டேன். வெறும் இனிப்பாக இருந்தது.