கப்பல் வரும் நாளுக்கு மட்டும் மாத்திரை

கட்சால் தீவில் நான் நர்ஸ். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் செல்விக்குக் கருத்தடை மாத்திரை கொடுத்து, தினமும் போடச் சொன்னேன். சில மாதங்களில் கர்ப்பமாக வந்து நின்றாள். எனக்குக் கோபம்.

"அவரு ஜஹாஜ்ல வர்ற நாளெல்லாம் போட்டேன் சிஸ்டர். அவரு இல்லாத நாள்ல எதுக்குன்னு விட்டுட்டேன்."

கணவருக்குப் போர்ட் பிளேரில் வேலை. கப்பல் வந்தால்தான் வருவார்.

அன்றுதான் படம் வரைந்தேன். மாதம் ஒருமுறை கருமுட்டை வெளிவரும், அதோடு விந்தணு சேர்ந்தால் கரு உண்டாகும், தினமும் போட்டால்தான் மாத்திரை அந்த முட்டையை வெளிவராமல் நிறுத்தி வைக்கும் என்றேன்.

செல்வி படத்தையே பார்த்தாள். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா போட்டிருப்பேனே."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. தினமும் என்று சொன்ன நான், ஏன் என்று சொல்லவில்லை. இப்போது படம் வரையாமல் யாருக்கும் மாத்திரை தருவதில்லை.