செக்யூர் பூட்டு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வருவது நல்லதுதான் என்று நினைக்கிற ஆள் நான். செஞ்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிற பெண்ணுக்கு அதுவும் இல்லாவிட்டால் ஆளாளுக்குத் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள்.

அனந்தபுரம் ரோட்டில் இருக்கும் அரிசி மில்தான் என்னுடைய பெரிய வாடிக்கை. அந்த ஆபீஸுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பென்டிரைவோடுதான் வருவார்கள். வந்ததும் கிடைத்த இடத்தில் செருகுவார்கள். அதனால் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்த அன்றே எல்லாவற்றிலும் செக்யூர் பூட் ஆன் செய்தேன். ஆன் செய்துவிட்டால், விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்னால் முன்பின் தெரியாத எதையும் கம்ப்யூட்டர் ஓட விடாது, அவ்வளவுதான் விஷயம். அந்த செட்டிங்கை யாரும் மாற்றாமல் இருக்க ஒரு பாஸ்வேர்டும் வேண்டும். அதை முதலாளியையே அடிக்கச் சொல்லிவிட்டு, நான் ஜன்னல் பக்கம் திரும்பி ராஜகிரிக் கோட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தார்.

வம்பு அந்தப் பெயரில் இருந்தது. நான் 'பூட்' என்றேன். அவர்கள் காதில் 'பூட்டு' என்று விழுந்தது. செக்யூர் பூட்டு, அப்புறம் வெறும் பூட்டு, கடைசியில் 'அந்தப் பொண்ணு போட்ட பூட்டு' என்று ஆகிவிட்டது. பூட்டு என்று வந்துவிட்டால் சாவி யார் கையில் என்று கேட்காமல் இருப்பார்களா?

சென்னையிலிருந்து முதலாளியின் தங்கை மகன் வந்தான். கம்ப்யூட்டருக்கு வேகம் பத்தவில்லை என்று விண்டோஸுக்குப் பதிலாகத் தன் பென்டிரைவிலிருந்து வேறு எதையோ ஏற்றப் பார்த்திருக்கிறான். திரையில் சிவப்புக் கட்டம் வந்து மறித்துவிட்டது. உடனே எனக்கு போன். போனேன்.

"இன்னாம்மா, என் ஆபீஸுக்குப் பூட்டு போட்டுட்டு சாவிய நீ வெச்சிக்கினியா?" என்றார் முதலாளி. எடை போடுகிறவர்கள், லாரி டிரைவர், எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். யாரோ சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சாவி உங்ககிட்டதான் இருக்குது சார். அன்னிக்கு பாஸ்வேர்ட் அடிச்சது நீங்கதான். நான் திரும்பிக்கூடப் பாக்கல."

அவருக்கு ஞாபகம் வந்தது முகத்தில் தெரிந்தது. "அதுவா..." என்று இழுத்தார். "சரி வுடு. நான் அடிக்கறேன், நீ அத ஆஃப் பண்ணிக் குடுத்துட்டுப் போ."

"என் கையால ஆஃப் பண்ண மாட்டேன். நாளைக்கு எதுனா ஆச்சுன்னா, தொறந்து வுட்டதும் அவதான்னு சொல்லுவீங்க."

"வேற ஆளப் பாத்துக்கலாம் மாமா. திண்டிவனத்துல ஆளா இல்ல?" என்றான் சென்னைக்காரன்.

"தாராளமா பாருங்க" என்றேன். இந்த மில் கையைவிட்டுப் போனால் என் கடையை மூட வேண்டியதுதான். எனக்கும் அது தெரியும், வாய்தான் கேட்கவில்லை.

முதலாளி திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பென்டிரைவை உருவி அவன் கையில் கொடுத்தார். "இருக்குறது அப்டியே இருக்கட்டும்பா" என்று சொல்லிவிட்டு எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார்.

வாடிக்கை தப்பித்தது. அதோடு கிளம்பியிருக்கலாம். நான் நகரவில்லை. என் நைனா இதே மில்லில் மூட்டை தூக்கியவர். குடோன் சாவி காணாமல் போனபோது அவரைத்தான் நிற்கவைத்து வேட்டி மடிப்பை உதறச் சொன்னார்கள். சாவி மேஜை டிராயரிலேயே கிடந்தது. கிடைத்த பிறகு ஒருத்தரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"டீ இருக்கட்டும் சார். சாவிய வெச்சிக்கினியான்னு எல்லார் எதிர்லயும் கேட்டீங்க. இல்லன்னும் எல்லார் எதிர்லயும் சொல்லுங்க."

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு, "சாவி எங்கிட்டதான் இருந்துது" என்றார்.

"மெஷின் ஓடுது சார், காதுல வுழல. இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றேன்.