ஊருக்குச் சொன்னதும் எனக்குச் சொல்லாததும்

புதுச்சத்திரத்துத் தீவன மில்லில் மக்காச்சோளத் தூசி முகத்தில் அப்பிக்கொள்ள, எங்கள் கோழிப்பண்ணைக்கு மூட்டை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். மில்காரர் பக்கத்தில் வந்து குரலைத் தணித்துக்கொண்டார். “ஏனுங்க, டாக்டரம்மா ஊட்டுக்கு வந்தும் உள்ள போகாம கார்லயே உக்காந்துக்கறாங்களாமே. படிச்சதுல இருந்து மனசுக்குச் சங்கடமா இருக்குதுங்க.” எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் தன் கைப்பேசியை நீட்டினார். என் மனைவி எழுதியிருந்தாள்.

நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் தலைமை மருத்துவராக அவள் இருந்த வருஷங்கள் அவை. மருத்துவமனையின் வலைப்பதிவில் வாராவாரம் எழுதும் பொறுப்பும் அவள் தலையில்தான். ஆரம்பத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், மழைக்காலக் காய்ச்சல் என்று எழுதினாள். யாரும் படிக்கவில்லை. பிறகு மெல்ல மெல்லத் தன்னையும் அதில் கலந்தாள். முதல் அறுவை சிகிச்சைக்கு முந்தின ராத்திரி தூங்காதது, நோயாளியின் உறவினரிடம் கெட்ட செய்தி சொல்லப்போகும் முன் தண்ணீர் குடிப்பது, இப்படி. அதன் பிறகு ஊரே படித்தது. தன்னைப் பற்றி எழுதத் தொடங்கும்போதே என்னிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். “நோயாளி பேரு வராது. நம்ம ஊட்டப் பத்தியும் எழுத மாட்டேனுங்க. என்னைப் பத்தி மட்டும் எழுதிக்கறேன்.” சந்தோஷமாகத் தலையாட்டினேன். அவளிலிருந்து வீட்டைக் கழித்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. நிறைய இருந்தது.

மில்காரர் காட்டிய பதிவில் அவள் சொல்லியிருந்தது இதுதான். ஒருவரைக் காப்பாற்ற முடியாமல் போன நாளில் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாளாம். அந்தக் குடும்பத்தின் அழுகைச் சத்தம் காதிலிருந்து இறங்கிய பிறகுதான் கதவைத் திறப்பாளாம். அவள் காருக்குள் இருப்பதைப் பண்ணைக் கொட்டகையிலிருந்து எத்தனையோ சாயங்காலம் பார்த்திருக்கிறேன். போன் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு முட்டை அடுக்கப் போயிருக்கிறேன்.

பதிவின் கீழே வந்திருந்ததையெல்லாம் வரி விடாமல் படித்தேன். வடக்கே எங்கோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்த ரிக் வண்டி டிரைவர் ஒருவர், “அம்மா, கண்ணாடிய எறக்கி உட்டுக்கங்க, புழுக்கமா இருக்கும்” என்று எழுதியிருந்தார். அவருக்கு அவள் நாலு வரியில் பதில் போட்டிருந்தாள். என் கைப்பேசிக்கு அன்று அவளிடமிருந்து வந்திருந்தது, “தயிர் வாங்கிட்டு வாங்க.” எவனோ ஒருத்தன் என்றால் நேரே போய்ச் சண்டை பிடிக்கலாம். மில்காரர், ரிக் டிரைவர், ராசிபுரத்து டீச்சர் என்று ஊர் ஊராக இருப்பவர்களை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். “எனக்குச் சொல்லாதத ஊருக்கெல்லாம் சொல்றயே, அதென்ன?”

அவள் கையை நிறுத்தவில்லை. “உங்ககிட்டச் சொன்னா நாள் பூரா மொகத்தத் தொங்கப் போட்டுக்குவீங்க. அப்பறம் உங்களயும் நான்தான் தேத்தோணும். அவங்கன்னா படிப்பாங்க, ரெண்டு வார்த்த எழுதுவாங்க, அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிருவாங்க. எனக்கு அது போதுமுங்க.”

“அப்ப நான் எதுக்கு இருக்கறேன்?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த பூண்டை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் பார்வையாளர் நேரம் பற்றி எழுதினாள். அதற்கடுத்த வாரம் இருசக்கர வாகனம் நிறுத்தும் இடம். மில்காரர் சலித்துக்கொண்டார்: “வேற யாரோ எழுதற மாதிரி இருக்குதுங்க.” நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அங்கே நின்றுபோனது இங்கே வந்து சேரவில்லை. காருக்குள் அவள் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் நீண்டது.

ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல் மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னாள். “வாழப்பாடிக்காரர் ஒருத்தருங்க. ஆபரேஷனுக்கு முன்னால ஒரு இட்லி குடுங்கம்மான்னு கேட்டாரு. இப்ப சாப்பிடக் கூடாதுன்னுட்டேன்.” அவ்வளவுதான். அன்று ராத்திரி தட்டில் போட்டதை நான் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் தயிரை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்: “பாத்தீங்களா?”

“நீ பழையபடியே எழுது” என்றேன்.

எழுதினாள். மில்காரர் முகம் மலர்ந்தது. ஆனால் வாழப்பாடிக்காரரைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. கேட்டதற்கு, “அது உங்ககிட்டச் சொன்னதுங்க” என்றாள். முகம் தெரியாத அந்த மனிதரை நான் யாரோடும் பங்கு போட்டுக்கொண்டதில்லை.

இப்போது அவள் பொறுப்பிலிருந்து விலகிவிட்டாள். வலைப்பதிவை வேறொருவர் எழுதுகிறார். சாயங்காலம் ஆனால் எல்லாக் கதையும் எனக்குத்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் முட்டிவலி வரை சொல்கிறாள். எல்லாம் என் கைக்கு வந்துவிட்டதென்று நிம்மதியாக இருந்தேன்.

போன மாதம் மோகனூரில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்காரப் போகும்போது முன்பின் தெரியாத ஒரு பெண் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, எங்கூட்டுக்காரர் போனப்ப நீங்க எழுதினதத்தான் திருப்பித் திருப்பிப் படிச்சேனுங்க.” இருவரும் ஜன்னலோரம் ஒதுங்கினார்கள். நான் இரண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து, சோற்று வாளியோடு வந்தவரிடம் “கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என்னவோ சொல்ல, இவள் அழுதாள். பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அப்படி ஒரு முகத்தை எங்கள் வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். “ரெண்டு பேரும் என்ன பேசினீங்க?” என்று கேட்டேன்.

“சும்மாதாங்க” என்று இலையில் தண்ணீர் தெளித்தாள்.