கழுத்துக்கு இறங்காத மாலை: கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டக் கோயிலில்

ஒரு படத்தைத் தியேட்டரில் மூன்று தடவை பார்த்துவிட்டு, அதுவும் பத்தாமல் எடுத்த இடத்தைத் தேடிப் போகிறவளை என்ன சொல்வது? "உனக்கு வேற வேலையே இல்லையா லா?" என்றுதான் என் தோழி கஸ்தூரி கேட்டாள். கேட்டுவிட்டு, காரை எடுத்ததும் அவள்தான்.

நம் நாட்டிலேயே எடுத்த தமிழ்ப் படம். பெயரை எழுத மாட்டேன். முடிவைச் சொல்லப் போகிறேன், டைரக்டர் வீடு தேடி வந்து திட்டுவார். கதை இதுதான்: ஒரு தோட்டத்தை விற்றுவிடுகிறார்கள், தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடிக்கிறார்கள். கோயிலுக்கு மட்டும் நிலம் வாங்கித் தருவதாகச் சூடத்தை அடித்துச் சத்தியம் செய்த ஒய்.பி. (சட்டமன்ற உறுப்பினரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) அந்த நிலத்தையும் சேர்த்து விற்க உடந்தையாகிறார். உறுமி அடிக்கிற ஒருவன் பழிவாங்கத் திட்டம் போடுகிறான். திருவிழாவில் ஒய்.பி.க்கு மாலை மரியாதை செய்யும்போது கொலை. கோயில் செயலாளரும் இதில் கூட்டாளி. மாலையைக் கழுத்தில் போடாமல், தலைக்கு மேலேயே பிடித்தபடி நிற்பார். மாலை விழாமல் யார்தான் தலையை நிமிர்த்துவார்கள்? ஒய்.பி. குனிந்தபடியே நிற்க, பின்னாலிருந்து கத்தி வரும். மூன்று தடவையும் விசிலடித்தேன். வெட்கமாவது ஒன்றாவது.

படத்தில் வரும் கோயில் நிஜக் கோயில். ஆடித் திருவிழாவுக்கு நிஜ ஒய்.பி.யே வருகிறார் என்று முகநூலில் பார்த்தேன். இதைவிட வேறு நாள் கிடைக்குமா? போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டோம்.

கஸ்தூரி புக்கிட் பெருந்துங்கிலிருந்து வந்து, செரண்டாவில் என்னை ஏற்றிக்கொள்ளும்போது காலை ஏழு மணி. ரவாங் வழியாகக் கோலசிலாங்கூர் அறுபத்திரண்டு கிலோமீட்டர் காட்டியது. டோல் கிடையாது. பெட்ரோல் போக வர இருபது வெள்ளிக்குள் (ரிங்கிட்டைத்தான் சொல்கிறேன்) முடிந்தது. வழியில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டினால் பொறுமையாகப் போங்கள். கஸ்தூரி மாதிரி ஹாரன் அடித்துப் பிரயோஜனம் இல்லை.

முதலில் புக்கிட் மெலாவாத்தி, பழைய கோட்டை இருந்த குன்று. படத்தில் கலங்கரை விளக்குக்குப் பக்கத்தில் நின்றுதான் கொலைத் திட்டம் போடுவார்கள். நேரில் போனால், திட்டம் போட நம்மை எங்கே விடுகின்றன குரங்குகள்? ஒன்று கஸ்தூரியின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவள் போட்ட கூச்சலில் அங்கே வைத்திருக்கிற பழைய பீரங்கியே வெடித்திருக்கும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து பாலத்தைத் தாண்டினால் பாசிர் பெனம்பாங் மீனவ கிராமம். படகுத் துரத்தல் காட்சி இங்கே எடுத்தது. சாப்பிட மீ கோரெங் இரண்டு, குடிக்க தே தாரிக் இரண்டு, பதினாறு வெள்ளி. கருவாடு விற்கிற சீனத்து அக்காவிடம் படத்தைப் பற்றி மலாயில் கேட்டேன். "ஓ, ஒய்.பி.யைக் கொல்ற படமா? என் கடை அதில் வருதே!" என்று ஒரே சந்தோஷம். அந்தக் குஷியில் கால் கிலோ நெத்திலி கூடப் போட்டுக் கொடுத்தார்.

கோயில் இருக்கும் தோட்டம் பெஸ்தாரி ஜெயா போகிற வழியில். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், காரணம் கீழே வருகிறது. மெயின் ரோட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் செம்மண் ரோடு. லயங்கள் காலி. குடும்பங்களெல்லாம் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்ப் பல வருஷமாகிறது. திருவிழாவுக்கு மட்டும் எல்லோரும் வந்துவிடுகிறார்கள். நாங்கள் போனபோது பத்தரை மணி, கார் நிறுத்த இடமில்லை.

கூடாரத்துக்குப் பின்னால் அன்னதானச் சமையல் நடந்துகொண்டிருந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏய், மாலை பிடிச்சிக்கிட்டு நிப்பாரே, அவர்தான் டி!" படத்தில் செயலாளராக நடித்தவர், நிஜத்திலும் இந்தக் கோயிலின் செயலாளர். முனியாண்டி அண்ணன். குலை லோரி ஓட்டுகிறார். சும்மா நிற்கச் சொல்லி டைரக்டர் கேட்டாராம், சும்மா நின்றாராம்.

"அண்ணே, ஒரு செல்ஃபி."

"வேணாம் தங்கச்சி, கையெல்லாம் வெங்காயம்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஒய்.பி. வர்ற நேரத்துல நீங்க ஏண்ணே இங்க உட்கார்ந்திருக்கீங்க?"

"மேடைப் பக்கமே வராதேன்னு கோயில் தலைவர் சொல்லிட்டாரு."

பிறகு கொட்டித் தீர்த்துவிட்டார். கோயில் நிற்பது இப்போது வீடு கட்டுகிற கம்பெனியின் நிலத்தில். வருஷக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. கோயிலுக்கு மட்டும் கொஞ்சம் நிலத்தை ஒதுக்கச் சொல்லி ஒய்.பி. பேசினால் நடக்கும், இல்லையென்றால் ஆத்தாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? அதற்காகத்தான் மூன்று தடவை அழைத்தார்கள். படத்தில் ஒய்.பி. கொல்லப்பட்ட மேடை, ராசியில்லாத இடம் என்று மூன்று தடவையும் வராமல் இருந்துவிட்டு, இந்தத் திருவிழாவுக்குத்தான் சரி என்றாராம்.

"நம்ம கோயில் பெரிய திரையில வருதுன்னு ஊரே கையைத் தட்டித்தான் ஷூட்டிங்குக்குக் கொடுத்தோம். ஒய்.பி.ங்க பயப்படுவாங்கன்னு ஒருத்தருக்கும் தோணல. இப்ப பழி என் ஒருத்தன் தலையில" என்றார். எனக்கு அதற்குமேல் செல்ஃபி கேட்க வாய் வரவில்லை.

பதினொன்றுக்கு வருவதாகச் சொன்ன ஒய்.பி. வந்தது ஒன்றே காலுக்கு. மேடையேறி ஒற்றுமை பற்றிப் பேசினார், இளைஞர்கள் பற்றிப் பேசினார், அந்தப் படத்தைப் பற்றியும் பேசினார். நிலத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்புறம் மாலை மரியாதை. தலைவர் மாலையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒய்.பி. மைக்கைப் பிடித்து, "இருங்க இருங்க! படத்துல மாலையைப் பிடிச்சிக்கிட்டு என்னைய மாதிரி ஒருத்தரைப் போட்டுத் தள்ளினாரே, அந்த அண்ணன் எங்க? அவரே போடட்டும், நான் பயப்படல!" என்றார். கூட்டம் சிரித்தது. அத்தனை கைபேசியும் மேலே எழுந்தது.

முனியாண்டி அண்ணனைச் சமையல்கட்டிலிருந்து இழுத்து வந்தார்கள். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மேடையேறி மாலையை வாங்கினார். ஒய்.பி. கேமராக்களைப் பார்த்துச் சிரித்தபடி தலையைத் தாழ்த்தினார்.

மாலை இறங்கவில்லை.

படத்தில் பார்த்த அதே நிலை. நடிக்கிறார் என்று நினைத்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும்தான். கஸ்தூரி கை தட்டினாள். ஆனால் மாலை இன்னும் இறங்கவில்லை. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஒய்.பி.யோடு வந்த பாதுகாவலர் ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

"ஒய்.பி., கோயில் நிலம் என்னாச்சுங்க?"

சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் மைக் ஒய்.பி. கையில் இருந்தது, எல்லோருக்கும் கேட்டது.

"அப்புறம் பேசுவோம்ணே."

"மைக்கு கையிலதானே இருக்கு. இப்பவே சொல்லிருங்க, ஜனங்க கேக்கட்டும்."

"பார்க்கலாம்ணே, பார்க்கலாம்." தலை இன்னும் குனிந்தேதான் இருந்தது.

"அப்ப மாலையையும் அப்புறம் பார்க்கலாம் ஒய்.பி."

சொல்லிவிட்டு, மாலையோடு திரும்பி, மேடையை விட்டு இறங்கி, நேரே போய்ப் பூசாரி கையில் கொடுத்தார். அது அம்மன் கழுத்துக்குப் போனது. ஒய்.பி. வெறுங்கழுத்தோடு நிமிர்ந்து, "அண்ணன் நல்லா நடிக்கிறாரு!" என்று சிரித்தார். "படத்துலதான் நடிச்சேங்க" என்றார் முனியாண்டி அண்ணன், கருவறை வாசலில் நின்றபடியே. யாரும் சிரிக்கவில்லை. ஒய்.பி. சாப்பிடாமலேயே காரேறிப் போய்விட்டார்.

தலைவர் ஓடி வந்து, "கோயிலையே கவுத்துட்டியே டா பாவி!" என்று கத்தினார். தப்பு சொல்ல முடியாது, அவருக்கும் வயிறு எரியும்தானே. சில பேர் தலைவர் பக்கம், சில பேர் அண்ணன் கேட்டது சரிதான் என்று முணுமுணுத்தார்கள். முனியாண்டி அண்ணனுக்கு இலை போட்டார்கள், சோறு இறங்கவில்லை. "பயமா இருக்கு தங்கச்சி. ஆத்தாவுக்கு நல்லது பண்ணினேனா, கெட்டது பண்ணினேனான்னு தெரியல" என்றார். எனக்கும் தெரியவில்லை. தெரியாமலேயே அழுகை வந்தது.

திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். படத்தில் ஒய்.பி. செத்ததும் கதை முடிந்துவிடும். கோயிலுக்கு நிலம் கிடைத்ததா இல்லையா என்று காட்ட மாட்டார்கள். மூன்று தடவை பார்த்தும் அது என் மண்டையில் உறைக்கவே இல்லை. செத்தவர் கையெழுத்துப் போட மாட்டார். கத்தியெடுத்தவனுக்கு விசிலடித்த எனக்கு, உயிரோடு இருக்கிற ஒய்.பி.யிடம் வாயைத் திறந்து கேட்பது அதைவிடக் கஷ்டம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

போக நினைக்கிறவர்களுக்கு: மெலாவாத்திக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் தாங்காது. பாசிர் பெனம்பாங்கில் கருவாடு வாங்குகிறவர்கள் இரண்டு பைகளில் சுற்றி வாங்குங்கள், கார் நாறும். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் மழை நாளில் சின்னக் கார் வேண்டாம். கோயிலில் படம் எடுக்கலாம், கேட்டுவிட்டு எடுங்கள். முனியாண்டி அண்ணனைப் பார்த்தால் 'கொலைகாரன்' என்று கூப்பிட்டுத் தொலைக்காதீர்கள். வருஷக் கடைசிவரை கோயில் அங்கேதான் இருக்கும். அதற்கப்புறம் நான் உத்தரவாதம் இல்லை.

அன்றைக்கு எடுத்த வீடியோ எல்லா வாட்சாப் குழுவிலும் சுற்றியது, உங்களுக்கும் வந்திருக்கும். போன வியாழக்கிழமை ஒய்.பி. அலுவலகத்திலிருந்து தலைவருக்குப் போன் வந்திருக்கிறது. நிலத்தைப் பற்றிப் பேச வருகிற திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். நடக்குமா, கண்துடைப்பா, அந்த ஆத்தாவுக்கே வெளிச்சம். ஊரே ஒரு வேன் பிடித்துப் போகிறது, நானும் லீவு போட்டுவிட்டேன். வேனில் யார் எங்கே உட்காருவது என்று நேற்றுப் பேசினார்களாம். முன் சீட்டில் எப்போதும் தலைவர்தான் உட்காருவார். "நான் பின்னாடி வர்றேன், முனியாண்டி முன்னால உட்காரட்டும்" என்று அவரே சொல்லிவிட்டாராம்.