யாழ்ப்பாணத்திலிருந்து பலெர்மோவுக்கு எவ்வளவு நேரம்?

இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒரு டிக்கெட் ஏஜென்சியில் நான் சேர்ந்த முதல் கிழமையே அன்டன் வந்து நின்றான். தொண்ணூற்று நான்காம் ஆண்டு. அவன் நகருக்கு வெளியே கடற்கரையில், ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் வேலை செய்தான். லிபெர்த்தா வீதியில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த என்னை, தமிழ் ஆட்களோடு கதைக்க வேண்டுமென்று ஏஜென்சி முதலாளியம்மா சிஞ்ஞோரா கிராத்சியா வேலைக்கு எடுத்திருந்தார்.

“அக்கா, ஜெசிந்தாவுக்கு விசா கிடைச்சிட்டுது. டிக்கெட் போடுங்கோ. விசா முடிய முன்னம் அவள் இஞ்சை வந்திட வேணும்.”

ஜெசிந்தா அவனுடைய மனைவி. கொழும்பில் விசா எடுத்தவள், தாயிடம் சொல்லிவிட்டு வர யாழ்ப்பாணம் திரும்பியிருந்தாள்.

சிஞ்ஞோரா கணக்குப் போட்டார். கொழும்பிலிருந்து ரோமுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல். ரோமிலிருந்து இங்கே ஒரு மணித்தியாலம். “யாழ்ப்பாணம் கொழும்பிலிருந்து நானூறு கிலோமீட்டர்தானே? ஒரு பகல் போதும்” என்று வெள்ளிக்கிழமை விமானத்தில் ஆசனம் பிடித்தார்.

“இல்லை, சிஞ்ஞோரா” என்றேன். “ அங்கே சண்டை. பாதை மூடியிருக்கிறது. கிளாலியில் வள்ளத்தில் கடலேரியைக் கடந்து, வவுனியாவில் இராணுவம் தரும் பாஸுக்குக் காத்திருக்க வேண்டும். எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஜெசிந்தா கொழும்புக்கு வந்த பிறகு பார்க்கலாம் என்று அன்டனை அனுப்பியிருக்கலாம். ஆனால் அது விடுமுறைக் காலம், ஆசனங்கள் நிரம்பிக்கொண்டிருந்தன.

“அப்படியென்றால் அவளுக்காக நாங்கள் ஆசனத்தைக் காப்போம்” என்றார்.

ஆசனத்தைப் பிடித்து வைக்கும் ஹோல்ட் முடியும் ஒவ்வொரு முறையும் ரோமிலுள்ள விமான நிறுவனத்துக்குப் போன் அடித்து அடுத்த விமானத்துக்கு மாற்றினார். அங்கிருந்தவர் ஒருநாள் கத்தினார். சிஞ்ஞோரா குரலை உயர்த்தவில்லை. “அந்தப் பெண் போருக்குள்ளால் வருகிறாள். நீங்களும் நானும் கதிரையில் இருக்கிறோம். இன்னும் ஒரு முறை மாற்றுங்கள்.” மாற்றினார்கள்.

விசா முடிய மூன்று நாள் இருக்கையில் வவுனியாவிலிருந்து ஜெசிந்தாவே போன் எடுத்தாள்.

“அக்கா, பாஸ் கிடைச்சிட்டுது. நாளைக்குக் கொழும்பிலை நிப்பன்.”

நான் இத்தாலியனில் சொல்லி முடிக்குமுன்பே சிஞ்ஞோரா டிக்கெட்டை உறுதி செய்துவிட்டார்.

ஜெசிந்தா வந்திறங்கிய அன்று பலெர்மோ விமான நிலையத்துக்கு அவரும் எங்களோடு வந்தார். அன்டன் மனைவியின் கையைப் பிடித்தபடி நின்றான். இவ்வளவு நீண்ட பறப்பு களைப்பாக இல்லையா என்று சிஞ்ஞோரா கேட்கச் சொன்னார். கேட்டேன்.

ஜெசிந்தா சிரித்தாள். “பிளேனிலை இருக்கக் கதிரை தந்தவை, சாப்பாடும் தந்தவை. அதிலை என்ன களைப்பு? கிளாலியிலை முழங்கால் தண்ணிக்கை நிண்டெல்லோ வள்ளம் ஏறினனான்.”

நான் மொழிபெயர்த்ததும் சிஞ்ஞோரா அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

பயண நேரத்தை விமான நிலையத்திலிருந்து எண்ணத் தொடங்கக் கூடாது என்பதை ஜெசிந்தாவிடமும் சிஞ்ஞோராவிடமும்தான் படித்தேன். அதன் பிறகு டிக்கெட் கேட்டு வருபவர்களிடம் சிஞ்ஞோரா முதலில் தமிழில் கேட்பார்: “எந்த ஊரிலையிருந்து வெளிக்கிடுறியள்?” அந்த ‘வெளிக்கிடுறியள்’ மட்டும் கடைசிவரை அவர் வாயில் சரியாக வரவில்லை. கேட்காமல் ஒருநாளும் விட்டதில்லை.